ரொறன்ரோவிலிருந்து வரும் லிங்க்கை என்ன செய்வது? மூளைக்கட்டி ஆய்வுகளை வீட்டிலிருந்து வாசிக்க ஒரு வழிகாட்டி

இரவு பதினொன்றரைக்கு போன் கிணுங்கும். கனடாவில் இருக்கும் மச்சான். "இதைப் பார், புதுக் குளிசை வந்திருக்காம், பெரியப்பாவுக்கு உடனே கேள்" என்று ஒரு லிங்க். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் யாருக்கோ மூளையில் கட்டி என்று தெரிந்துவிட்டால், முதலில் பக்கத்து வீட்டிலிருந்து சோறும் கறியும் வரும், அடுத்ததாக இந்த லிங்க்குகள் வரத் தொடங்கும். லண்டனிலிருந்து ஒன்று, சூரிச்சிலிருந்து ஒன்று, மாமியின் பஜனைக் குழுவிலிருந்து இன்னொன்று. அனுப்புகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவ்வளவு தூரத்திலிருந்து அவர்களால் செய்ய முடிவது அதுதான். ஆனால் அது நமக்கானதா இல்லையா என்று பிரித்துப் பார்க்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். டொக்டர் இல்லை, கொக்குவிலில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறவன். பெரியப்பாவோடு ஒன்றரை வருடம் கிளினிக்குகளில் காத்திருந்த நேரத்தில் பழகிக்கொண்டதை எழுதுகிறேன். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் டொக்டரின் வேலை. இது வாசிக்கவும் கேள்வி கேட்கவும் மட்டும்.

லிங்க்கைத் திறக்கமுன் கட்டியின் முழுப்பெயரை ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூளைக்கட்டி என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. மூளையை மூடியிருக்கும் உறையில் வளரும் மெனிஞ்ஜியோமா பெரும்பாலும் மெதுவானது, வெட்டி எடுத்ததோடு முடிந்துவிடுவதும் உண்டு. நுரையீரலிலோ மார்பிலோ தொடங்கிய புற்றுநோய் மூளைக்குப் பரவுவது வேறு கதை. மூளையின் சொந்தக் கலங்களிலிருந்து வரும் கிளையோமா இன்னொரு கதை, அதற்குள்ளும் 1 முதல் 4 வரை தரம் உண்டு. டயக்னோசிஸ் கார்டில் இருப்பது பெரும்பாலும் சுருக்கெழுத்துத்தான், அதனால் திசுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு போனில் படம் எடுத்து வையுங்கள். அதில் இரண்டு சொற்களைத் தேடுங்கள்: ஐடிஎச் (IDH), எம்ஜிஎம்டி (MGMT). இரண்டும் கட்டியின் கலங்களில் பார்க்கும் மரபணுக்களின் பெயர். 2016இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வகைப்படுத்தலுக்குப் பிறகு ஐடிஎச் மாற்றம் இருக்கிறதா இல்லையா என்பது பல கிளையோமாக்களின் பெயரிலேயே சேர்ந்துவிட்டது. அறிக்கையில் அவை இல்லையென்றால், "இந்தச் சோதனை செய்யவில்லையா, செய்ய எங்கேயாவது அனுப்பலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், மச்சான் அனுப்பிய அந்தப் புதுக் குளிசையையே எடுத்துக்கொள்வோம். பெயர் வோராசிடெனிப். 2023இல் முடிவு வெளிவந்த ஆய்வு, 331 பேர், பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசை. கட்டி மீண்டும் வளரத் தொடங்காமல் இருந்த காலம் வெற்றுக் குளிசைக்காரருக்கு 11.1 மாதம், மருந்துக்காரருக்கு 27.7 மாதம். 2024 ஓகஸ்ட்டில் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. நல்ல செய்திதான், பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 331 பேரும் ஐடிஎச் மாற்றம் உள்ள, 2ஆம் தரக் கட்டிக்காரர், அறுவைச் சிகிச்சை தவிர வேறு எந்தச் சிகிச்சையும் எடுக்காதவர்கள். பெரியப்பாவுக்கு வந்தது கிளையோமாவில் 4ஆம் தரமான கிளையோபிளாஸ்டோமா, ஐடிஎச் மாற்றம் இல்லாதது. பூட்டு வேறு, திறப்பு வேறு. கொப்பியில் அந்த ஒரு வரி இருந்ததால் பத்து நிமிடத்தில் விசயம் முடிந்தது, இல்லாவிட்டால் ஒரு மாதம் இதற்காக அலைந்திருப்போம்.

பெயர் பொருந்தினாலும் வயதைப் பாருங்கள். கிளையோபிளாஸ்டோமாவுக்கு இன்று எல்லா இடத்திலும் கொடுக்கும் அடிப்படைச் சிகிச்சை 2005இல் வந்த ஒரு ஆய்விலிருந்து வந்தது: 60 கிரே (கிரே என்பது கதிரின் அளவு) கதிரை 30 தடவையாகப் பிரித்து ஆறு கிழமைக்குக் கொடுப்பது, கூடவே டெமோசொலோமைட் குளிசை, பிறகு ஆறு சுற்றுக் குளிசை. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 18 முதல் 70 வயது வரையானவர்கள். வயது போனவர்களுக்கு? அதற்கும் ஆய்வு இருக்கிறது, நம்மூர்க்காரர் தேடிப் படிக்கவேண்டியது உண்மையில் இதைத்தான். 2004இல் கனடாவில் 60 வயதுக்கு மேற்பட்ட 100 பேரைத் திருவுளச்சீட்டுப் போல இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு 30 தடவை, மற்றப் பக்கத்துக்கு 15 தடவை கதிர் கொடுத்தார்கள். உயிரோடிருந்த காலத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, 5.1 மாதமும் 5.6 மாதமும். பிறகு 2017இல் 65 வயதுக்கு மேற்பட்ட 562 பேரில், அந்த 15 தடவைக் கதிரோடு டெமோசொலோமைட்டையும் சேர்த்தால் 7.6 மாதம் 9.3 மாதமாகிறது என்று காட்டினார்கள். எம்ஜிஎம்டி மெத்திலேற்றம் உள்ளவர்களில், அதாவது கட்டியில் அந்த மரபணு அணைந்திருப்பவர்களில், 7.7 மாதம் 13.5 ஆனது. 15க்கும் 30க்கும் உள்ள வித்தியாசம் ரொறன்ரோவில் இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, தெரியாத பாஷையில் சாப்பாட்டுக் கடை தேடுகிற பெரியம்மாவுக்கு அது மூன்று கிழமை. பெரியப்பாவுக்கு 68 வயது. "டொக்டர், குறுகிய கோர்ஸ் இவருக்குச் சரிவருமா?" என்று நாங்கள் கேட்டது இதை வாசித்ததால்தான். சரிவரும் என்றார்.

இந்த "14 மாதம்", "9 மாதம்" என்ற எண்களில் எல்லோரும் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். 2005 ஆய்வில் கதிர் மட்டும் எடுத்தவர்களுக்கு 12.1 மாதம், குளிசையும் எடுத்தவர்களுக்கு 14.6 மாதம் என்று வாசித்தவுடன் கலண்டரை எடுத்து எண்ணினேன். எண்ணாதீர்கள். அது இடைநிலை எண். 101 பேரை, யார் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்ற ஒழுங்கில் வரிசையாக நிறுத்தினால் 51ஆம் ஆள் நிற்கும் இடம் அது. அவருக்குப் பின்னால் இன்னும் 50 பேர் நிற்கிறார்கள், சிலர் வெகுதூரத்தில். அதே ஆய்வில் இரண்டு வருடம் தாண்டியவர்கள் கதிர் மட்டும் எடுத்தோரில் 10.4 வீதம், குளிசையும் எடுத்தோரில் 26.5 வீதம். ஐந்து வருடத்தில் 1.9க்கு எதிராக 9.8. இரண்டரை மாதம்தானே என்று முகம் சுளித்தவர் இந்த இரண்டாவது கணக்கைப் பார்த்தால் வேறு மாதிரி யோசிப்பார். அதனால் எந்த ஆய்விலும் நடு எண்ணோடு நிற்காமல் "2 வருடத்தில் எத்தனை பேர்" என்ற வரியையும் தேடிப் பாருங்கள்.

அடுத்தது எதை அளந்தார்கள் என்பது. கட்டி வளராமல் இருந்த காலம் வேறு, ஆள் உயிரோடு இருந்த காலம் வேறு. இது விளங்க அவாஸ்டின் கதையைப் போல நல்ல பாடம் இல்லை. பெவசிசுமாப் என்ற அந்த ஊசியைப் பற்றி 2014இல் இரண்டு பெரிய ஆய்வுகள் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்றில் 921 பேர்: கட்டி வளராத காலம் 6.2 மாதத்திலிருந்து 10.6 ஆகியது. தலைப்பு எழுதுகிறவருக்கு இது போதும். ஆனால் உயிரோடிருந்த காலம் 16.7 மாதமும் 16.8 மாதமும், அதாவது ஒன்றுதான். சரி, வாழும் காலம் கூடாவிட்டாலும் வாழ்வது நன்றாக இருந்ததா? இங்கேதான் இரண்டு ஆய்வும் பிரிகின்றன. முதலாவது ஆய்வு, ஆட்கள் கூடிய காலம் நல்லபடி நடமாடினார்கள், வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீரொயிட் மருந்தின் தேவை குறைந்தது என்றது. மற்றது, நினைவும் யோசனையும் கூடுதலாக மங்கின, வாழ்க்கைத் தரம் குறைந்தது என்றது. ஒரே மருந்து, ஒரே வருடம். யாராவது "ஆய்வு நிரூபித்துவிட்டது" என்று சொன்னால் எந்த ஆய்வு, எதை அளந்தது என்று கேளுங்கள். நானும் ஒரு கடைக் கணக்கை ஒரே பற்றுச்சீட்டை வைத்து முடிக்க மாட்டேன்.

எப்போதிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்பதையும் பாருங்கள். மொட்டையடித்த தலையில் மின்புலம் கொடுக்கும் தகடுகளை ஒட்டி, ஒரு நாளைக்கு 18 மணித்தியாலமாவது அணியும் கருவி ஒன்று இருக்கிறது. 2017இல் 695 பேரின் முடிவு: உயிரோடிருந்த காலம் கருவி இல்லாதவர்களுக்கு 16.0 மாதம், அணிந்தவர்களுக்கு 20.9 மாதம். ஆனால் அந்த ஆட்கள் கதிரை முடித்து, அதுவரை கட்டி வளராதவர்களாக இருந்த பிறகுதான் ஆய்வுக்குள் வந்தார்கள், எண்ணிக்கையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2005 ஆய்வின் 14.6ஐயும் இந்த 20.9ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, கொடிகாமத்தில் பஸ் ஏறியவரையும் வவுனியாவில் ஏறியவரையும் ஒரே நேரக்கணக்கில் ஒப்பிடுவது மாதிரி. வெற்றுக் கருவி வைத்தும் ஒப்பிடவில்லை, யார் அணிகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். சித்திரை வெயிலில் அந்தத் தகடு தலையில் எத்தனை மணித்தியாலம் ஒட்டியிருக்கும் என்பது என் சொந்தச் சந்தேகம்.

எலியில் வேலை செய்தது, ஆய்வுகூடத் தட்டில் கலங்கள் செத்தன, மஞ்சளில் இருக்கும் சத்து கட்டியைக் கரைக்கும் என்றெல்லாம் வருபவற்றை நேரே ஒதுக்கிவிடுங்கள். மனிதரில் செய்தது என்றால் முதலாம் கட்டம் எவ்வளவு மருந்து தாங்கும் என்று பார்ப்பது, இரண்டாம் கட்டம் ஏதாவது அசைகிறதா என்று பார்ப்பது, மூன்றாம் கட்டம்தான் இருக்கும் சிகிச்சையோடு நேருக்கு நேர். டொக்டரிடம் கொண்டுபோவதற்கு மூன்றாம் கட்டம் போதும்.

இனி, யாரும் லிங்க் அனுப்பாத பக்கம். வீட்டில் ஆளைப் படுத்துவது பெரும்பாலும் கட்டியை விட அதைச் சுற்றி வரும் வீக்கம், வலிப்பு, மருந்தின் பக்கவிளைவு. இவற்றுக்கும் ஆய்வுகள் இருக்கின்றன, மருந்தும் இங்கேயே கிடைக்கும், விலையும் தாங்கும். என்னைக் கேட்டால் உங்கள் வாசிப்பு நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

டெக்ஸாமெதசோன் என்ற சின்ன ஸ்டீரொயிட் குளிசை மூளை வீக்கத்துக்கு. தொடங்கி இரண்டு நாளில் பெரியப்பாவின் தலையிடியும் சத்தியும் நின்றன, இழுத்த கால் நேரானது, வீடே கடவுளைக் கண்டது போல இருந்தது. மூன்றாம் கிழமை இரவு இரண்டு மணிக்கு குசினியில் வெளிச்சம். போய்ப் பார்த்தால் மனுசன் பானையில் மிச்சமிருந்த புட்டை, சம்பலும் இல்லாமல், நின்றபடி சாப்பிடுகிறார். நித்திரையும் இல்லை, பசியும் அடங்கவில்லை. முகம் உருண்டது, சீனி ஏறியது, சாய்வு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழும்ப முடியவில்லை. அது கட்டி கூடியதால் என்று நாங்கள் பயந்தோம், ஆனால் தொடைத் தசையை அந்தக் குளிசை தின்பதாலும் அப்படி வரும். 1994இல் நெதர்லாந்தில், மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்காரர் 96 பேரில் நாளுக்கு 4, 8, 16 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். மூளை அமுங்கும் ஆபத்துக் குறிகள் இல்லாதவர்களில், ஒரு கிழமையின் பின் 4 மில்லிகிராமும் 16 மில்லிகிராமும் ஏறக்குறைய ஒரே பலன்தான் தந்தன, பக்கவிளைவு மட்டும் 16இல் கூட. "இவருக்கு இதைவிடக் குறைந்த அளவு போதுமா, எப்போது குறைக்கத் தொடங்கலாம்?" என்பது ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். சீனி ஏறுகிறது என்று எங்கள் அண்ணா ஒரு வெள்ளிக்கிழமை நிறுத்திவிட்டார், ஞாயிறு காலை பெரியப்பாவால் தலை தூக்க முடியவில்லை. பல நாள் எடுத்த பிறகு உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்துவிடும், படிப்படியாகத்தான் இறக்கவேண்டும்.

வலிப்பு. ஆள் விழுந்தவுடன் கையில் திறப்பைக் கொடுக்க ஓடுவார்கள், வாய்க்குள் கரண்டி வைப்பார்கள். இரண்டும் வேண்டாம். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே சாரத்தையோ துவாயையோ மடித்து வைத்து, மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். முடிந்தால் ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும், எந்தக் கை முதலில் துடித்தது என்று டொக்டருக்கு அது சொல்லும். ஒருதரமும் வலிப்பு வராத ஆளுக்கு முன்னெச்சரிக்கையாக நீண்டகாலம் வலிப்பு மருந்து கொடுப்பதில் பலன் இல்லை என்று அமெரிக்க நரம்பியல் அக்கடமி 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது, 2021இல் வந்த வழிகாட்டலும் அதையே சொல்கிறது. வலிப்பு வந்தவருக்கு மருந்து கட்டாயம். இப்போது அதிகம் எழுதுவது லெவெடிரசெட்டம், மற்ற மருந்துகளோடு சண்டை பிடிக்காதது. பழைய பெனிட்டோயின், கார்பமசபின் போன்றவை ஈரலை வேகமாக வேலைசெய்ய வைத்து டெக்ஸாவையும் சில புற்றுநோய் மருந்துகளையும் சீக்கிரம் வெளியே தள்ளிவிடும். ஆனால் லெவெடிரசெட்டம் மனுசரோடு சண்டை பிடிக்கவைக்கும். நாற்பது வருடத்தில் குரல் உயர்த்தாத பெரியப்பா, சொதியில் உப்பு குறைவு என்று கோப்பையைச் சுவரில் எறிந்தார். பெரியம்மா இரண்டு கிழமை யாரிடமும் சொல்லவில்லை, நோயால் குணம் மாறிவிட்டது என்று நினைத்து அழுதிருக்கிறார். கிளினிக்கில் சொன்னதும் டொக்டர் மருந்தை மாற்றினார்.

கதிர் முடிந்து முதல் மூன்று மாதத்துக்குள் வரும் ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரியலாம், ஆனால் அது கட்டியாக இல்லாமல் கதிரின் அழற்சியாக இருக்கலாம். போலி வளர்ச்சி என்று சொல்லலாம். இதனால் பலரைத் தவறாகக் கணக்கெடுத்துவிடுகிறோம் என்று உணர்ந்துதான், 2010இல் நிபுணர்கள் மதிப்பீட்டு விதிகளையே திருத்தி, முதல் 12 கிழமைக்குள் கதிர் பட்ட இடத்துக்கு வெளியே புதிதாக வந்தாலோ திசுவில் உறுதியானாலோ தவிர வளர்ச்சி என்று முடிவுகட்ட வேண்டாம் என்றார்கள். ஸ்கேன் அறிக்கையை வாசலில் வைத்துப் பிரித்து வாசித்துவிட்டு ஒப்பாரி வைக்காதீர்கள். "இது போலி வளர்ச்சியாக இருக்கலாமா, எப்போது திரும்ப ஸ்கேன்?" என்று கேளுங்கள்.

இன்னொன்று, ஒரு கால் மட்டும் வீங்கினால் நல்லெண்ணெய் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். கிளையோமாக்காரருக்கு இரத்தம் உறையும் ஆபத்து அதிகம், அந்த இரத்த உறைவு நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

புதிய ஆய்வில் சேர்க்கலாமா என்று தேடுகிறீர்கள் என்றால், இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய ஆய்வுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. யாரைச் சேர்ப்பார்கள் என்ற பகுதியை முதலில் வாசியுங்கள். அங்கே கர்னோஃப்ஸ்கி என்று ஒரு புள்ளி இருக்கும். 70 என்றால் தன் குளிப்பு, சாப்பாடு தானே பார்ப்பார், ஆனால் வழமையான வேலைக்குப் போக முடியாது. பல ஆய்வுகள் 60க்கோ 70க்கோ கீழே இருப்பவர்களைச் சேர்க்காது. பலாலியில் சென்னைக்கு ரிக்கெட் போடமுன் அதைப் பாருங்கள். பதிவேட்டில் இருப்பதால் அரசாங்கம் அங்கீகரித்தது என்று ஆகாது. ஒழுங்கான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது வழக்கமில்லை. "ட்ரயல்" என்று சொல்லி லட்சக்கணக்கில் முற்பணம் கேட்டால் அது வியாபாரம். சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க நேரம் கேளுங்கள், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, இதையெல்லாம் டொக்டரிடம் எப்படிக் கொண்டுபோவது. போதனா வைத்தியசாலையானாலும் தெல்லிப்பழையானாலும் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான், வெளியே இன்னும் நாற்பது பேர் வாங்கில் இருப்பார்கள். போனை நீட்டி லிங்க்கைக் காட்டினால் அந்த நிமிடங்கள் அதிலேயே போய்விடும். ஒரு தாளில் மேலே கட்டியின் பெயர், தரம், ஐடிஎச், எம்ஜிஎம்டி. அதற்குக் கீழே இப்போது எடுக்கும் குளிசைகளும் அளவும். பிறகு போன தடவைக்குப் பின் எத்தனை வலிப்பு, எந்தத் திகதி, எத்தனை நிமிடம். கடைசியில் மூன்று கேள்வி, மூன்றுதான். ஒரு கேள்வி நோயாளியின் கேள்வியாக இருக்கட்டும், அவரிடம் கேட்டு எழுதுங்கள். நான் டெக்ஸா அளவையும் அடுத்த ஸ்கேன் திகதியையும் எழுதி வைத்திருந்தேன். பெரியப்பா பேனையை வாங்கி, கோணல் எழுத்தில், "சைக்கிள் ஓடலாமா?" என்று எழுதினார். டொக்டர் தாளை மேலிருந்து கீழே வாசித்துவிட்டு முதலில் அதற்குத்தான் பதில் சொன்னார். வலிப்பு வந்து நாலு மாதம்தானே ஆகிறது, ரோட்டில் வேண்டாம் ஐயா, ஆனால் யாராவது பின்னால் பிடித்துக்கொண்டு வந்தால் வளவுக்குள் உருட்டலாம்.